எட்டாம் வகுப்புத் தண்ணீர்

சங்குமணல் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில். அன்றைக்கு மழை இல்லை, ஓட்டில் ஒழுக்கு இல்லை, யாருடைய பாட்டிலும் கவிழவில்லை, மூன்று பக்கமும் உப்பளம் சூழ்ந்த அந்த ஊரில் காற்றுகூடக் காய்ந்துதான் கிடந்தது, அப்படியிருக்க மிக்கேல் சார் திருத்துவதற்காக மேசையில் அடுக்கச் சொன்ன நாற்பத்திரண்டு நோட்டுகளின் அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு கிளம்பி, மேசைக் காலில் இறங்கி, வாசற்படி வரைக்கும் ஓடியது. அங்கே படுத்திருந்த நாய் எழுந்து அதை நக்கிப் பார்த்தது, பிறகு மறுபடியும் நக்கியது. நாய் இரண்டாம் தடவை நக்கியதைப் பார்த்துத்தான் அது உப்புத்தண்ணி இல்லை, நல்லதண்ணி என்று எல்லாருக்கும் தெரிந்தது.

மிக்கேல் சார் நோட்டுகளை நெஞ்சோடு அணைத்து, சட்டை நனைய நனைய நூலகத்துக்குத் தூக்கிப் போனார், அந்தப் பள்ளிக்கூடத்தில் சுற்றுகிற ஃபேன் அங்கேதான் இருந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள் தங்கபுஷ்பம் டீச்சர். பதினோரு வருஷமாக அந்த அறையில் இருக்கிறாள்; யாராவது லீவு போட்டால் அவர்கள் வகுப்பைக் கொண்டுவந்து அடைக்கிற இடமாகவும், சேட்டை செய்த பிள்ளைகளை நிற்க வைக்கிற இடமாகவும்தான் அந்த அறை பள்ளிக்கூடத்துக்குப் பழகியிருந்தது. மிக்கேல் சாரும் அவளும் அந்தப் பதினோரு வருஷத்தில் பேசிக்கொண்டது சாவியைப் பற்றி மட்டும்தான்.

“டீச்சர், ஃபேனைக் கொஞ்சம் போடுங்க. நோட்டெல்லாம் நனைஞ்சிட்டு.”

“எழுதச் சொல்லுதது நீங்க, காயப்போட மட்டும் நானா? வையுங்க அப்படி.”

ஒவ்வொரு நோட்டாக விரித்து வைக்கும்போதுதான் அவள் கவனித்தாள், எல்லா வரியும் ஈரமில்லை. ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் சந்தனமாரி என்ற பிள்ளை எழுதியிருந்த கட்டுரையில், ‘என் அம்மா அளத்தில் உப்பு வாருகிறாள்’ என்ற வரி மொரமொரவென்று காய்ந்திருந்தது; ‘எங்கள் ஊர் உப்பு ஆயிரம் வருடத்துக்கு முன்பே அரேபியாவுக்குப் போனது’ என்ற வரியின் அடியில் மட்டும் தண்ணீர் மணிமணியாகக் கோத்து நின்றது. எழுத்து கலையவில்லை, மை கரையவில்லை, எழுத்துக்கு வியர்த்த மாதிரி இருந்தது.

சந்தனமாரியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, “இது எங்கேருந்து எடுத்தே?” என்று கேட்டாள். பிள்ளை பதில் சொன்ன வரியெல்லாம் காய்ந்த வரி. தோளைக் குலுக்கிய வரியெல்லாம் ஈர வரி.

“சார், தனக்கு எங்கேருந்து வந்துதுன்னு பிள்ளைக்கே தெரியாத வரிதான் சொட்டுது,” என்றாள் தங்கபுஷ்பம்.

மிக்கேல் சார் சட்டையைப் பிழிந்துகொண்டே, “அப்போ இந்த வகுப்பு ஒரு குளம், டீச்சர்,” என்றார்.

ஊர் அதை ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. சங்குமணலுக்குத் தண்ணி லாரி பத்து நாளைக்கு ஒரு தடவை வரும், வராமலும் போகும். பெண்கள் நாலு கிலோமீட்டர் நடந்து விலக்கு ரோட்டுக் குழாயில் பிடித்து வருவார்கள். அப்படிப்பட்ட ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் விசாரிக்கவில்லை, எத்தனை குடம் என்றுதான் கேட்டார்கள். தலைமையாசிரியர் வேலாண்டி வராந்தாவின் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாகக் கயிறு கட்டினார், பிள்ளைகள் நோட்டுகளைத் துணி மாதிரி விரித்து கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள், கீழே பச்சையும் நீலமுமாகக் குடங்கள் வரிசை கட்டின, பெண்கள் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். பெரியவர்களும் எழுதிப் பார்த்தார்கள், மூன்று வரியில் கை வலித்துவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்து, “ரெண்டு நல்ல நோட்டாக் குடுங்க, திருப்பித் தாரோம்,” என்று கேட்டுப் போனார்கள். கோயில் கொடைக்கு ஐந்து நோட்டும் மாதா திருவிழாவுக்கு ஐந்து நோட்டும் ஒதுக்கப்பட்டன. பெண் பார்க்க வந்த இடத்தில், வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை உண்டா என்று கேட்கிற வழக்கம்கூட வந்துவிட்டது.

பொய் எழுதினால்தான் தண்ணீர் வருகிறது என்று ஊர் முதலில் நினைத்தது. அதனால் தகப்பன்மார் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்த்தி, யானைக்கு ஏழு கால், சூரியன் மேற்கே உதிக்கும், நம் தலைமையாசிரியர் நாலு மொழி பேசுவார் என்று எழுதவைத்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. தான் புளுகுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியுமே. அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும், தன் அப்பாவின் வாயிலிருந்து. பிறகுதான் ஊருக்குப் பிடி கிடைத்தது: போனில் வருகிறதை அப்படியே பார்த்து எழுதினால் அரைக் குடம், கைடில் இருப்பதைப் பார்த்து எழுதினால் கால் குடம், எல்லாரும் சொல்லுகிறார்கள் என்று எழுதினால் முழுக் குடம்.

இதில் ஒரு கேடு வந்து சேர்ந்தது, அது தண்ணீரில் இல்லை, வரிசையில் இருந்தது. குடம் நிறையும் வரைக்கும் என்ன செய்வது? தொங்குகிற நோட்டைப் படித்தார்கள். படித்ததைச் சத்தமாகப் படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் தொங்குகிறது, பிள்ளை கையெழுத்தில் இருக்கிறது, அப்புறம் என்ன என்று நம்பினார்கள். அளத்து மேஸ்திரி கோயில்பிச்சை, ‘வேப்பங்கொழுந்து பத்து நாள் தின்றால் சர்க்கரை போய்விடும், மாத்திரை வேண்டாம்’ என்ற வரி தன் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்ததைப் படித்து, மாத்திரையைத் தூக்கி எறிந்து, ஒன்பதாம் நாள் உப்புப் பாத்தி வரப்பில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த சந்தனமாரியின் அம்மா சீனியம்மாள் பார்த்தாள். நாலு பேர் தூக்கிப் போனார்கள், பிழைத்துக்கொண்டார்.

அந்த வரியை எழுதியிருந்தது சந்தனமாரிதான். அவள் நூலகத்து வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை, போகவுமில்லை.

“நான் பாத்துத்தானே டீச்சர் எழுதுனேன்.”

தங்கபுஷ்பம் அவளைக் கைபிடித்து உள்ளே உட்காரவைத்தாள். மத்தியானம் மிக்கேல் சாரைத் தேடிப் போனாள். அவர் மரத்தடியில் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“சார், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட்டுன்னு ஒரு தலைப்பத் தூக்கிப் போடுதிய. ‘நோய்கள் பற்றி எழுதுக’ன்னா பிள்ளை என்னத்த எழுதும்? போன்ல மொதல்ல வாறத எழுதும்.”

“சரி, நீங்க என்ன செஞ்சிய? பிள்ளை உள்ள வந்தா சத்தம் போடாதே, தொடாதே. புத்தகம் எடுத்தா அடுக்கு கலைஞ்சிரும்னு ஒங்களுக்குப் பயம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அது உண்மையாக இருந்ததால்தான் சுருக்கென்றது. தன் கையிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“கேள்வி ஒங்க பாடு, தேடுத இடம் எம் பாடு. ரெண்டு பேரும் ஒரே வகுப்புல நிப்போம்.”

“ஒரே வகுப்புல ரெண்டு பேரா? டைம்டேபிள்ல எடமில்லையே.”

“பதினோரு வருஷமா லைப்ரரி பீரியடுன்னு ஒண்ணு இருக்கு, சார். நீங்கதான் அதுல டெஸ்ட் வச்சிட்டிருக்கிய.”

மிக்கேல் சார் ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து அவள் சட்டி மூடியில் வைத்தார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அவர் ‘நோய்கள் பற்றி எழுதுக’ என்பதை விட்டுவிட்டு, ‘நம் தெருவில் சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும், யாரிடம் கேட்பாய், ஏன் அவரிடம்’ என்று கேட்டார். அவள் புத்தகங்களைக் கூடையில் அள்ளி வகுப்புக்கே கொண்டுவந்தாள், அடுக்கு கலைந்தது, கலையட்டும் என்று விட்டாள். பிள்ளைகள் சுகாதார நிலையத்து நர்ஸைப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், சொன்னது யார், எப்போது, அவருக்கு எப்படித் தெரியும் என்று சின்னதாக எழுத வேண்டும். பிள்ளைகள் அதற்கு வால் என்று பெயர் வைத்தார்கள். வால் முளைத்த வரி காய்ந்தது. ‘போனில் வந்தது’ என்று சிலர் வால் போட்டுப் பார்த்தார்கள். அந்த வால் நனைந்து தொங்கியது.

“தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டா குழாய்லேருந்துன்னு சொல்லுதே,” என்றாள் தங்கபுஷ்பம். “குழாய்க்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாரு.”

பாடம் நடக்க நடக்கக் குடம் குறைந்தது. அறுபது குடம் நாற்பதாயிற்று, நாற்பது பதினைந்தாயிற்று. வரிசையில் இருந்த பெண்கள் சண்டை போடவில்லை, அதுதான் தங்கபுஷ்பத்துக்குக் கஷ்டமாக இருந்தது, சீனியம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “டீச்சர், பிள்ள நல்லாப் படிக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. கொஞ்சம் மெதுவாப் படிக்கட்டுமே,” என்று மட்டும் சொல்லிவிட்டு விலக்கு ரோட்டுப் பக்கம் நடந்தாள். அவள் தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, காலிக் குடத்தோடு நடக்கும்போதும் சரிந்தே இருந்தது.

ஆனால் ஒரு வரி மட்டும் குறையவில்லை. ‘எங்கள் ஊர்’ கட்டுரையில் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒன்றுபோல எழுதியிருந்த வரி அது: ‘கிழக்கு மணல்மேட்டுத் தண்ணீர் ஆகாது.’ அங்கே தோண்டினால் உப்புத்தண்ணி என்று சிலர், பாம்பு விஷம் கலந்தது என்று சிலர், குடித்த குடும்பம் விளங்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். காரணம்தான் வேறு வேறு, வரி ஒன்று. அந்த ஒரு வரி எழுதிய தாளைத் தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஒரு குடம் நிறையும். தலைமையாசிரியர் வேலாண்டி இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவர் வீட்டிலும் குடம் இருந்தது.

“மிக்கேல், டீச்சர், கேட்டுக்கிடுங்க. எல்லாப் பாடமும் ஒங்க இஷ்டம்போல நடத்துங்க. அந்த ஒத்த வரியத் தொடாதிய. தெனமும் காலைல பிள்ளைக அத நூறு தடவை எழுதட்டும். தொட்டா லைப்ரரிக்குப் பூட்டுதான், டீச்சர் ஆபீஸ்ல வந்து ரிஜிஸ்டர் எழுத வேண்டியது வரும். நான் சொல்லல, ஊர் சொல்லுது.”

இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்ய? அன்று முதல் காலை வழிபாடு முடிந்ததும் நாற்பத்திரண்டு பிள்ளைகள் தலை குனிந்து, கிழக்கு மணல்மேட்டுத் தண்ணீர் ஆகாது, கிழக்கு மணல்மேட்டுத் தண்ணீர் ஆகாது என்று எழுதினார்கள், குடங்கள் நிறைந்தன, ஊர் குடித்தது, குளித்தது, சோறு வடித்தது.

பத்தாம் நாள் சந்தனமாரி பேனாவை மூடி வைத்தாள்.

“சார், இதுக்கு மட்டும் ஏன் வால் கெடையாது?”

மிக்கேல் சார் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் சன்னலைப் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாததே பிள்ளைகளுக்குப் போதுமாயிருந்தது. அந்தச் சனி ஞாயிறில் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வீடு வீடாகக் கேட்டார்கள். திங்கட்கிழமை கரும்பலகையில் பெயர்கள் எழுதினார்கள்: அம்மாவுக்குச் சொன்னது அத்தை, அத்தைக்குச் சொன்னது அவள் மாமியார், மேஸ்திரிக்குச் சொன்னது பழைய மேஸ்திரி, பூசாரிக்குச் சொன்னது சித்தப்பா, கோடுகள் கிளை கிளையாக மேலே போய், மேலே போகப் போக ஒடுங்கி, கடைசியில் ஐந்தாறு பேரில் வந்து நின்றன. அவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தது ஒன்றுதான்: அப்போ நோட்டீஸ் ஒட்டியிருந்தாவ.

நோட்டீஸ் என்ற வார்த்தையைப் பலகையில் பார்த்ததும் தங்கபுஷ்பத்துக்குப் புத்தக அட்டைகள் ஞாபகம் வந்தன. அந்த நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கெல்லாம் கையில் கிடைத்த காகிதத்தில்தான் அட்டை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கோடை லீவிலும் கிழிந்ததை ஒட்டுகிறவள் அவள். எந்த அட்டையின் உட்புறத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியும், அதைப் படித்துப் பார்க்கத்தான் இதுவரை தோன்றியதில்லை. சாயங்காலம் எல்லாரும் போனபிறகு, கடற்கரைச் செடிகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, அதன் அட்டையை மெதுவாகக் கழற்றித் திருப்பினாள்.

சங்குமணல் ஊராட்சி மன்றம். ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு கார்த்திகை மாதத் தேதி. ‘புயலில் கடல்நீர் ஏறிவிட்டபடியால் கிழக்கு மணல்மேட்டு ஊற்றுகளின் தண்ணீர் ஆகாது. தை மாதக் கடைசி வரை எவரும் எடுக்க வேண்டாம். தை கழிந்து நீரைப் பரிசோதித்து மறு அறிவிப்புத் தரப்படும்.’

அவள் அதை மூன்று தடவை படித்தாள். மறு அறிவிப்பைத் தேடி மற்ற அட்டைகளையும் கழற்றினாள். கல்யாணப் பத்திரிகை இருந்தது, உப்பு மூட்டைச் சீட்டு இருந்தது, அது இல்லை. ஐம்பத்தெட்டுத் தை போயிருக்கிறது, யாரோ ஒருவர் சொல்ல மறந்திருக்கிறார், அவ்வளவுதான். அட்டையைப் பழையபடி மாட்டிவிட்டால் நாளைக்கும் குடம் நிறையும், நூலகம் திறந்திருக்கும். மாட்டாவிட்டால் எல்லாக் குடமும் காயும். அந்த மேட்டில் இப்போது என்ன தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? சீனியம்மாளின் சரிந்த தோள் அவள் கண்முன்னே வந்தது. அட்டையையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு மிக்கேல் சார் வீட்டுக்கு நடந்தாள்.

அவர் படித்துவிட்டு, மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

“பிள்ளைகளைத் தேடச் சொன்னதே நாமதான்,” என்றார். “கெடைச்சதும் ஒளிச்சு வச்சா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?”

“லைப்ரரி போயிரும், சார்.”

“போனா போட்டும். ஒங்க ரிஜிஸ்டர்ல பாதி நான் எழுதுதேன்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில், சந்தனமாரி அந்த நோட்டீஸைச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்து உட்கார்ந்து, தன் வரியின் ஓரத்தில் வாலை எழுதினாள். மற்ற நாற்பத்தோரு பேரும் எழுதினார்கள். வராந்தாவில் கயிற்றில் தொங்கிய தாள்கள் ஒவ்வொன்றாகச் சொட்டுவதை நிறுத்தி, காற்றில் சலசலவென்று ஆடத் தொடங்கின. அத்தனை நாளும் ஈரத்தில் கனத்துத் தொங்கிய தாள்கள் அப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

ஊர் வந்துவிட்டது. காலிக் குடங்களோடு, அளத்து வேலையைப் போட்டது போட்டபடி வந்து முற்றத்தில் நின்றது. வேலாண்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சீனியம்மாள்தான் முன்னால் வந்தாள்.

“தண்ணி எங்க டீச்சர்?”

தங்கபுஷ்பம் நோட்டீஸைச் சந்தனமாரியிடம் நீட்டினாள். சந்தனமாரி பெஞ்சில் ஏறி, அம்மாவைப் பார்த்து மறுபடி அந்த நோட்டீஸைப் படித்தாள். தை மாதக் கடைசி வரை என்ற இடம் வந்தபோது முற்றத்தில் ஒரு குடம் கையிலிருந்து நழுவி உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை.

“தை வரைக்கும்தானா?” என்றார் கோயில்பிச்சை. மெலிந்து போயிருந்தார், மடியில் மாத்திரை டப்பா இருந்தது. “அப்புறம் எவனுமே பாக்கலையா?”

“தெரியல, மேஸ்திரி,” என்றார் மிக்கேல் சார். “நல்லதண்ணியான்னும் தெரியல. பாத்தாத்தான் தெரியும்.”

“பாப்போம். தண்ணி பாக்கத்தானே நாங்க பொறந்திருக்கோம்,” என்று சொல்லிவிட்டு, உப்புநீரின் கனம் பார்க்கிற தன் கண்ணாடிக் குழாயை எடுத்துவர ஆள் அனுப்பினார்.

ஊர் கிழக்கே நடந்தது. ஐம்பத்தெட்டு வருஷமாக யாரும் கால் வைக்காத மேட்டில் உப்பு வாருகிற கைகளே மணலையும் வாரின; முழங்கால் ஆழத்தில் மணல் நிறம் மாறியது, இடுப்பு ஆழத்தில் உருண்டையாகப் பிடிபட்டது, தோள் ஆழத்தில் தோண்டிக்கொண்டிருந்த ஆள் பேச்சை நிறுத்தினான். தண்ணீர் கலங்கலாக ஊறி, சுற்றி வந்து, மெல்லத் தெளிந்தது. கோயில்பிச்சை ஒரு செம்பில் மொண்டு, கண்ணாடிக் குழாயை அதில் விட்டார். அளத்து நீரில் விட்டால் அந்தக் குழாய் தலையை நீட்டிக்கொண்டு மிதக்கும், அதைத்தான் அவர் நாற்பது வருஷமாகப் பார்த்திருக்கிறார். இப்போது அது கீழே கீழே போய், கழுத்து வரைக்கும் முங்கி நின்றது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“சைபர்,” என்றார். பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சீனியம்மாள் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்தாள். சந்தனமாரி அம்மாவை அவ்வளவு உயரமாகப் பார்த்ததில்லை. வேலாண்டி தங்கபுஷ்பத்தின் பக்கம் வந்து, தொண்டையைச் செருமி, “லைப்ரரியில இன்னொரு ஃபேன் போடணும்னு சொல்லிட்டிருந்தியளே,” என்றார். அவள் அப்படிச் சொன்னதே இல்லை. “ஆமா சார், சொல்லிட்டிருந்தேன்,” என்றாள்.

உப்பு இல்லை என்பதைக் குழாய் சொல்லும், கிருமி இல்லை என்பதைச் சொல்லாது என்று மிக்கேல் சார் ஒரு பாட்டிலில் பிடித்து வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்பினார். அதுவரைக்கும் ஊற்றின் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, சந்தனமாரி எழுதிய தாளை ஒட்டினார்கள்: ‘இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். சோதனை முடிவு வரும்வரை மட்டும். முடிவு வந்ததும் இந்தத் தாளைக் கிழிக்க வேண்டியவள்: சந்தனமாரி, எட்டாம் வகுப்பு.’ பதினேழாம் நாள், கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஊரே பார்க்க அவள் தாளைக் கிழித்தாள், கிழித்த கையாலேயே குனிந்து அள்ளிக் குடித்தாள். அந்தத் தாளில்தான் தங்கபுஷ்பம் கடற்கரைச் செடிகள் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டாள், எழுத்து வெளியே தெரியும்படி.

அடுத்த வருஷம் புதிதாக வந்த எட்டாம் வகுப்பு ‘எங்கள் ஊர்’ எழுதியபோது எல்லா நோட்டும் காய்ந்திருந்தது, ஒன்றைத் தவிர. மிக்கேல் சார் அதைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். ‘தங்கபுஷ்பம் டீச்சர் கை வைத்த இடத்தில் தண்ணீர் பீறிட்டு வந்தது’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. வரியின் அடியில் சொட்டுச் சொட்டாகக் கோத்து நின்றது.

“அவனக் கூப்பிட்டு யாரு சொன்னாவன்னு கேக்கணும், சார்,” என்றாள் தங்கபுஷ்பம்.

“கேப்போம். சாப்பாட்டு மணி அடிக்கட்டும்.”

அவள் டம்ளரை எடுத்து நோட்டுக்குக் கீழே வைத்தாள். முக்கால் டம்ளர் வந்தது. பாதியை அவர் குடித்தார், பாதியை அவள் குடித்தாள்.